வரைபடமும் கணக்கும் பிடித்தவர்கள்: கட்டடக்கலைப் பொறியியல் மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எதை நாடுகிறார்கள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பொறியியல் என்பது ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு. கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டடத்தைப் பற்றி விரிவான ஆய்வேடு ஒன்றை அளிக்க வேண்டும். சுமைக் கணக்கு, குளிரூட்டும் அளவு, மின்சுற்று வரைபடம், கட்டுமான அட்டவணை என்று நீளும் அந்த ஆய்வேட்டுடன், மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் ஒரு சிறு குறிப்பும் இருக்கும். எந்த ஊர், எந்தப் பள்ளி, கோடை விடுமுறையில் எந்த அலுவலகத்தில் பயிற்சி, ஓய்வு நேரத்தில் என்ன செய்வார், படித்து முடித்து எங்கே போகப்போகிறார் என்பவை அதில் சில வரிகளில் சொல்லப்பட்டிருக்கும். இத்தகைய குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால், ஊரும் பின்னணியும் வேறுபட்டாலும் ஒரு செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். சிறு வயதில் வீடுகளை வரைந்து தள்ளியவர்கள், பள்ளியில் கணிதமும் இயற்பியலும் எளிதாகக் கைவந்தவர்கள், அந்த இரண்டில் ஒன்றைக் கைவிட மனம் வராதவர்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள்.

இந்தப் படிப்பு என்னவென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெயரே குழப்பம் தரக்கூடியது. நம் நாட்டில் ஆர்க்கிடெக்ட் ஆக விரும்புபவர் ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்கிறார், 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டடத்தைத் தாங்கும் தூணையும் உத்தரத்தையும் கணக்கிடுபவர் சிவில் பொறியாளர். குளிர்சாதனம், மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு ஆகியவற்றை மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அனுபவத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கட்டடக்கலைப் பொறியியல் பட்டதாரி ஆர்க்கிடெக்ட் அல்லர்; அந்தப் பட்டத்தைக் கொண்டு கட்டடக்கலைஞர் உரிமம் பெறும் வழி பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. ஆர்க்கிடெக்ட் வரைந்த கட்டடம் நிற்பதற்கும், உள்ளே மூச்சு விடுவதற்கும், விளக்கு எரிவதற்கும், குறித்த செலவில் குறித்த நாளில் எழும்புவதற்கும் வேண்டிய பொறியியல் முழுவதையும் கட்டடம் என்ற ஒரே பொருளை முன்வைத்துப் படித்தவர் அவர். ஜப்பானில் கட்டடக்கலைத் துறை பெரும்பாலும் பொறியியல் புலத்துக்குள்ளேயே இருப்பதால், அங்குள்ள மாணவருக்கு இப்படி ஒரு தனிப் பெயர் ஏன் தேவைப்படுகிறது என்பதே வியப்பாக இருக்கலாம்.

இந்தத் துறை உருவானதற்குத் தெளிவான காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் எஃகுச் சட்டங்களின் மேல் உயரமான கட்டடங்கள் எழத் தொடங்கின. மின்தூக்கி, மின்விளக்கு, நீராவி வெப்பம், குழாய்வழி நீர் என்று சுவருக்குள் ஒளிந்திருக்கும் அமைப்புகள் பெருகின. செங்கல் சுவரையும் மரக்கூரையையும் அறிந்த பழைய கட்டடக்கலைஞரின் பயிற்சி இதற்குப் போதவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் 1890களின் தொடக்கத்திலேயே இதற்கெனப் பாடத்திட்டம் வகுத்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1910இல் தொடங்கிய படிப்பு, 1936இல், அதாவது அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் முறை தொடங்கிய அதே காலத்தில், அங்கீகாரம் பெற்றது. இன்றும் இந்தப் படிப்பை நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மிகச் சிலவே. கான்சாஸ், டெக்சாஸ், நெப்ராஸ்கா, கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ, பிலடெல்பியாவின் டிரெக்செல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆகவே பள்ளி முடிக்கும் மாணவர் பலருக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரிவதில்லை. தெரிந்துகொண்டவர்களும் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர் சொல்லியோ, வீட்டில் கட்டுமான வேலை செய்பவர் ஒருவர் சொல்லியோதான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

வீட்டுப் பின்னணி இங்கே முக்கியமானது. பென்சில்வேனியா நிலக்கரியும் எஃகும் வளர்த்த மாநிலம். பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளையும் பெத்லகேம் எஃகையும் கொண்டுதான் அமெரிக்க வானளாவிகளில் பல எழுந்தன. அந்த மண்ணில் தச்சர், குழாய்ப் பணியாளர், மின்பணியாளர், சிறு காண்ட்ராக்டர் ஆகியோரின் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வருவது இயல்பு. அப்பாவின் வண்டியில் ஏறி வேலை நடக்கும் இடத்துக்குப் போய், ஆணி பொறுக்கியும் பலகை பிடித்தும் கழிந்த கோடைகள் அவர்களுக்கு உண்டு. சுவர் மூடப்படுவதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். மறுபுறம், கட்டுமானத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீட்டிலிருந்து வந்து, விளையாட்டுக் கட்டைகளை அடுக்கியதையும் கணினியில் வீடு வடிவமைத்ததையும் தவிர வேறு முன்னனுபவம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் இரு தரப்பாரும் ஒரே பாடங்களைப் படிக்கிறார்கள்: நுண்கணிதம், இயற்பியல், நிலையியல், பொருள்களின் வலிமை, இவற்றோடு கட்டடக்கலை வரலாறும் வரைகலைக்கூடப் பயிற்சியும். சைட்டில் வளர்ந்தவருக்கு வரைகலைக்கூடம் கடினமாக இருக்கும். வரைவதில் தேர்ந்தவருக்கு நிலையியல் கடினமாக இருக்கும்.

பிறகு பிரிவு தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாக உள்ள நான்கு பிரிவுகள் கட்டமைப்பு, இயந்திர அமைப்புகள், ஒளியமைப்பும் மின்சாரமும், கட்டுமான மேலாண்மை என்பவை. மாணவரின் உண்மையான விருப்பம் வெளிப்படும் இடம் இதுதான் என்பது என் கருத்து. கணக்கின் தூய்மையை விரும்புபவர் கட்டமைப்புக்குப் போகிறார். காற்று, நிலநடுக்கம், மனிதர் எடை ஆகிய எல்லாச் சுமையும் கடைசியில் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று தேடுவதில் அவருக்கு நிறைவு கிடைக்கிறது. சுற்றுச்சூழலில் அக்கறை கொண்டவர் குளிரூட்டல், வெப்பமூட்டல், காற்றோட்டம் ஆகியவற்றைக் கவனிக்கும் இயந்திர அமைப்புகளை நாடுகிறார். அமெரிக்காவில் செலவாகும் மொத்த ஆற்றலில் சுமார் 40 சதவீதத்தை வீடுகளும் வணிகக் கட்டடங்களும் உட்கொள்கின்றன என்ற உண்மை அவரை இந்தப் பக்கம் இழுக்கிறது. மனிதரோடு பேசிப் பழகி, நூறு பேரின் வேலையை ஒழுங்குபடுத்துவதில் விருப்பம் உள்ளவர் கட்டுமான மேலாண்மைக்குச் செல்கிறார். பள்ளி நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்று மேடை விளக்குகளை இயக்கியவர்களுக்கு ஒளியமைப்பு இயல்பாகவே பொருந்திவிடுகிறது. எந்த முகத்தின் மேல் எந்தக் கோணத்தில் ஒளி விழுந்தால் பார்ப்பவர் மனத்தில் என்ன நிகழும் என்பதை அவர்கள் சூத்திரத்துக்கு முன்பே அறிந்திருப்பவர்கள்.

இசை கற்றவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலியியல் இங்கே தனிப் பிரிவாக இல்லை. ஆனால் வயலினோ டிரம்பெட்டோ வாசித்து வளர்ந்த மாணவர் எந்தப் பிரிவில் இருந்தாலும் அந்தப் பாடத்தைத் தேடிப் போவார். அதன் வரலாறும் ஓர் இளைஞரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக்கூடத்தில் பேச்சு யாருக்கும் புரியவில்லை. பேசிய ஒரு சொல் ஐந்தரை விநாடிகள் அறைக்குள் உலவிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு, இருபதுகளின் இறுதியில் இருந்த வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அறையின் கன அளவை அதன் மொத்த ஒலி உறிஞ்சும் திறனால் வகுத்து 0.16 என்ற எண்ணால் பெருக்கினால் எதிரொலிப்பு நேரம் கிடைக்கும் என்ற எளிய விதி அந்த இரவுகளில் பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்த விதியைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

இன்றைய மாணவர் அதே விதியை ஒரு வகுப்பறையில் பொருத்திப் பார்க்கிறார். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கன அளவு 240 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சிமெண்ட் பூச்சாக இருந்து, விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டுமே உறிஞ்சினால், ஆளில்லாத அறையில் எதிரொலிப்பு ஏறக்குறைய 4.8 விநாடிகள் நீடிக்கும். கூரையில் மட்டும் நூற்றுக்கு எழுபது பங்கு உறிஞ்சும் ஒலித்தடுப்புப் பலகைகளைப் பதித்தால் அது 0.6 விநாடிக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். இந்த அளவிலான வகுப்பறைக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் எல்லை 0.6 விநாடி. நாற்பது குழந்தைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும் நம் ஊர் வகுப்பறைகளில் உட்கார்ந்து படித்த எவருக்கும் இந்தக் கணக்கின் அருமை விளங்கும். கடைசி வரிசையில் இருப்பவனுக்குப் பாடம் காதில் விழாமல் போவதற்குக் காரணம் அவனுடைய கவனக்குறைவாக இல்லாமல் மொட்டையான கூரையாகவும் இருக்கலாம்.

நான்கு பிரிவுகளாகப் பிரிந்து போனவர்கள் கடைசி ஆண்டின் ஆய்வேட்டில் மீண்டும் ஒருவரையொருவர் தொடும்படி நேர்கிறது. ஒவ்வொருவரும் உண்மையில் கட்டப்பட்ட அல்லது கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தை, அதன் உரிமையாளரின் அனுமதியோடும் வடிவமைத்த நிறுவனங்களின் வரைபடங்களோடும் பெறுகிறார்கள். மருத்துவமனை, ஆய்வுக்கூடம், பள்ளி, அடுக்குமாடிக் குடியிருப்பு என எதுவாகவும் அது இருக்கலாம். இலையுதிர் பருவத்தில், ஏற்கெனவே உள்ள வடிவமைப்பைத் தொழில்நுட்ப அறிக்கைகளாக ஆராய்ந்து, ஆண்டிறுதியில் ஒரு முன்மொழிவு எழுதி, வசந்த காலத்தில் மாற்று வடிவமைப்பை உருவாக்கி, ஏப்ரலில் நடுவர்கள் முன் எடுத்துரைக்கிறார்கள். தாம் செய்த மாற்றங்கள் கல்விப் பயிற்சி மட்டுமே என்றும், மூல வடிவமைப்பில் தவறு இருந்ததாகப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் ஆய்வேட்டிலேயே எழுதிவைப்பது வழக்கம். வரைபடங்களை நம்பிக்கொடுத்த பொறியாளர்களுக்கு மாணவர்கள் செலுத்தும் அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

அதில் ஒரு கட்டாயம் உண்டு. தம் பிரிவில் ஓர் ஆழமான ஆய்வைச் செய்வதோடு, பிற பிரிவுகளைச் சேர்ந்த இரண்டு சிறிய ஆய்வுகளையும் மாணவர் செய்தாக வேண்டும். முதலாவதை ஆழம் என்றும் மற்றவற்றை அகலம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்பது நம் பழமொழி. இங்கே ஆழ உழுதவரை அடுத்தவர் நிலத்திலும் இரண்டு சால் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். கட்டமைப்பு மாணவர் எஃகுச் சட்டத்தைக் கான்கிரீட்டாக மாற்றினால் போதாது. அதனால் கட்டுமானக் காலமும் செலவும் எப்படி மாறுகின்றன, சுவரின் வழியே வெப்பம் கடத்தப்படும் அளவு எவ்வளவு மாறுகிறது என்றும் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டாயம் ஏன் தேவை என்பதை உணர ஒரு மருத்துவமனை நடைகூடத்தின் பொய்க்கூரைக்கு மேலே எட்டிப் பார்த்தால் போதும். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 14 அடி உயரம், நடப்பவருக்குத் தெரியும் கூரை 9 அடியில் என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருப்பது 5 அடி. தளமும் உத்தரமும் சேர்ந்து இரண்டரை அடியை எடுத்துக்கொள்கின்றன. எஃகின் மேல் பூசும் தீத்தடுப்புப் பூச்சுக்கு ஓரிரு அங்குலம் போகிறது. உறையோடு சேர்ந்து 20 அங்குலம் வரும் காற்றுக்குழாய் ஒன்று ஓட வேண்டும். மிஞ்சும் 8 அங்குலத்தில் விளக்குப் பெட்டி, தீயணைப்பு நீர்க்குழாய், மின்கம்பித் தட்டு எல்லாம் அடங்க வேண்டும். இந்த நிலையில் மேல்தளத்துக் கைகழுவும் தொட்டிகளிலிருந்து வரும் கழிவுநீர்க் குழாய் வந்து சேர்கிறது. சிறிய கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். 40 அடி ஓடினால் அது 10 அங்குலம் இறங்கியிருக்கும். மற்ற எல்லாவற்றையும் வளைக்கலாம், ஒதுக்கலாம். ஓடும் தண்ணீரிடம் மட்டும் மேலேறிப் போ என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் ஒரு மாணவரின் அகல ஆய்வு இன்னொருவரின் ஆழ ஆய்வைத் தொடுகிறது. உத்தரத்தின் நடுப்பகுதியில் துளையிட்டு குழாயை நுழைக்கலாமா என்று கேட்டால் கட்டமைப்புக் கணக்கு மாறும். காற்றுக்குழாயைச் சிறிதாக்கலாமா என்று கேட்டால் குளிரூட்டும் முறையே மாற வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி மும்மா இதற்கு ஒரு வழியைப் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்: வெளிக்காற்றைத் தனி இயந்திரத்தில் பதப்படுத்தி, மூச்சுக்கு வேண்டிய அளவை மட்டும் சிறு குழாயில் அனுப்பிவிட்டு, அறையின் வெப்பத்தை அகற்றும் வேலையைக் குளிர்ந்த நீர் ஓடும் கூரைப் பலகைகளிடம் விட்டுவிடுவது. ஒரே அளவு வெப்பத்தைச் சுமக்கக் காற்றுக்கு வேண்டிய குழாயைவிட நீருக்கு வேண்டிய குழாய் மிகச் சிறியது. இயந்திர அமைப்புப் பிரிவு மாணவர்களின் ஆய்வேடுகளில் இந்த யோசனை அடிக்கடி எடுத்தாளப்பட்டது. நம் ஊரில் வீடு கட்டிய எவரும் கான்கிரீட் இறுகிய பிறகு பிளம்பர் வந்து சுவரையும் சில சமயம் உத்தரத்தின் ஓரத்தையுமே கொத்துவதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கொத்தல் பிளம்பரின் குற்றமன்று. வரைபடத்திலேயே அவருக்கு யாரும் வழி விட்டுவைக்கவில்லை.

கொத்தலோடு போகாமல் உயிர்களைப் பறித்த நிகழ்வு ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பொறியியல் மாணவர்கள் அதை அறியாமல் பட்டம் பெறுவது அரிது. 1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் சிட்டியின் ஹையட் ரீஜென்சி ஓட்டல் கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது, நான்காம் தளத்தின் தொங்கு நடைபாதை, அதற்கு நேர் கீழே தொங்கிய இரண்டாம் தளத்தின் நடைபாதையோடு சேர்ந்து விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே எஃகுக் கம்பி இரண்டு நடைபாதைகளையும் தனித்தனி திருகாணிகளால் தாங்க வேண்டியிருந்தது. நீண்ட கம்பி முழுவதிலும் மறை வெட்டுவது சிரமம் என்பதால் அதை இரண்டு கம்பிகளாக்கி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையின் உத்தரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். அந்த ஒரு மாற்றத்தால் மேல் உத்தரத்தின் கீழிருந்த திருகாணி தன் நடைபாதையோடு கீழ் நடைபாதையின் எடையையும் சேர்த்து, இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. ஒரே கயிற்றைப் பிடித்து இருவர் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க மற்றவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு அது. முதல் வடிவமைப்பே விதிகள் கோரிய வலிமையில் சுமார் 60 சதவீதத்தைத்தான் கொண்டிருந்தது என்பதும் விசாரணையில் தெரியவந்தது. கம்பி மாற்றப்பட்ட ஷாப் டிராயிங்கில், அதாவது பாகங்களைச் செய்வதற்காகத் தயாரிப்பாளர் வரையும் விரிவான வரைபடத்தில், பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. தயாரிப்பாளரும் ஒப்புதல் அளித்த பொறியாளரும் அந்த ஒரு இணைப்பை மற்றவர் கணக்கிட்டுவிட்டார் என்று எண்ணிக்கொண்டார்கள்.

படிப்புக்கு வெளியே இவர்களின் நாட்டங்களும் கவனிக்கத்தக்கவை. பனிச்சறுக்கு, மலைநடை, கால்பந்து போன்றவை மலைசூழ்ந்த அந்த ஊரில் படிக்கும் எல்லா மாணவருக்கும் பொதுவானவை. 1973இல் தொடங்கிய ‘தான்’ (THON) என்ற நடன விழாவும் அப்படித்தான். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக நிதி திரட்டும் அவ்விழாவில் நடனமாடுபவர்கள் 46 மணி நேரம் உட்காராமலும் உறங்காமலும் நிற்கிறார்கள். இந்தத் துறைக்கே உரிய ஆர்வம் வெளிப்பட்டது சூரிய ஆற்றல் வீட்டுப் போட்டிகளில். அமெரிக்க எரிசக்தித் துறை நடத்திய அந்தப் போட்டியில் பென்சில்வேனியா மாநில மாணவர்கள் 2007இலும் 2009இலும் கலந்துகொண்டார்கள். தாங்களே வடிவமைத்துக் கட்டிய சிறு வீட்டை வாஷிங்டனின் தேசியப் புல்வெளிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சூரிய ஒளியை மட்டும் கொண்டு அதில் சமைத்து, துணி துவைத்து, குளிரூட்டிக் காட்ட வேண்டியிருந்தது. காகிதத்தில் வரைந்த இணைப்பைக் கையால் முடுக்கிப் பார்க்கும் அனுபவம் அவர்களுக்கு அங்கே கிடைத்தது.

பட்டம் பெறும் தறுவாயில் பலர் பொறியியல் அடிப்படைத் தேர்வை எழுதி முடித்திருப்பார்கள். பொதுவாக நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு முழு உரிமத்துக்கான தேர்வு வரும். கட்டடக்கலைப் பொறியியலுக்கென்றே தனித் தேர்வு 2003இல்தான் தொடங்கியது. அதுவரை இவர்கள் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று அடுத்த துறையின் தேர்வையே எழுத வேண்டியிருந்தது. மேற்படிப்புக்காக அங்கே செல்லும் நம் சிவில், மெக்கானிக்கல் பட்டதாரிகளும் இத்துறையின் முதுகலை வகுப்புகளில் சேர்கிறார்கள். தூணைப் பற்றி நன்கு தெரிந்து விளக்கைப் பற்றித் தெரியாமலும், குளிர்சாதனம் தெரிந்து தூண் தெரியாமலும் போகிறவர்களுக்கு அடுத்தவர் பாடத்தைப் படிப்பதே முதல் பருவத்தின் பெரிய வேலையாகிவிடுகிறது.

பட்டதாரிகள் பிலடெல்பியா, வாஷிங்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் வடிவமைப்பு அலுவலகங்களிலும் கட்டுமான நிறுவனங்களிலும் சேர்கிறார்கள். தன்குறிப்பில் வானளாவிகளையும் இசையரங்குகளையும் கனவு கண்டவருக்குத் தொடக்க மாதங்களில் அவை எளிதில் கிடைப்பதில்லை. எஃகுத் தயாரிப்பாளரிடமிருந்தும் குழாய்க் காண்ட்ராக்டரிடமிருந்தும் வந்த ஷாப் டிராயிங் கட்டு ஒன்று மேசையில் வைக்கப்படும். கையில் சிவப்புப் பேனாவோடு, ஒவ்வொரு இணைப்பையும் மூல வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்தக் கம்பி எந்தத் திருகாணியில் முடிகிறது, எந்தக் குழாய் எந்த உத்தரத்தில் மோதுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பார்த்து முடித்ததும் அதன் மேல் அலுவலகத்தின் முத்திரை விழும்.